புகை தெரிகிறது, காரணம் தெரிவதில்லை

ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் டெல்லியின் காற்று மாசு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படமாக வரத் தொடங்கும். புகைமூட்டத்தில் மங்கிய இந்தியா கேட், முகக்கவசம் அணிந்த பள்ளிப் பிள்ளைகள், பக்கத்திலேயே எரியும் நெல் வயலில் நிற்கும் பஞ்சாப் விவசாயி. இந்தப் படங்கள் பொய்யல்ல. ஆனால், பார்ப்பவர் மனதில் குற்றவாளி ஒருவரே என்று பதிந்துவிடுகிறது.

2017 டிசம்பரில் டெல்லி டெஸ்ட் போட்டியில் இலங்கை வீரர்கள் முகக்கவசத்துடன் ஆடிய படம் உலகெங்கும் வெளியானது. அப்போது பஞ்சாபில் தாள் எரிக்கும் பருவம் முடிந்திருந்தது. வாகனப் புகை, தொழிற்சாலைகள், கட்டுமானத் தூசி, குளிர்காலத்தில் மேலெழாமல் தேங்கும் காற்று ஆகியவை டெல்லியில் பல மாதங்கள் நீடிப்பவை. தாள் எரிப்பு சில வாரங்களே. அந்த வாரங்களில் அதன் பங்கு பெரிது என்பதும் உண்மை.

விவசாயி ஏன் தீ வைக்கிறார்? நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாப் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அப்போது ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்று இருந்தது. நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போனது. நவம்பர் பாதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை அகற்ற இரண்டு, மூன்று வாரமே கிடைக்கிறது. கூலிக்கும் இயந்திர வாடகைக்கும் பணம் வேண்டும், தீக்குச்சிக்கு வேண்டாம். 2024 நவம்பரில் எரிப்புக்கான அபராதம் இரட்டிப்பானது. ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு 30,000 ரூபாய். தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ கருவி உரிய நாளில் வயலுக்கு வந்தால்தான் தீ நிற்கும்.

இது வடநாட்டுக் கதை மட்டுமல்ல. கரும்பு வெட்டியதும் சோகைக்குத் தீ வைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அடி அண்ணாமலையில், மலை பின்னணியில் தெரிய, எரியும் வயலை யாராவது படம் பிடித்தால் அதிலும் விவசாயிதான் குற்றவாளி. வெட்டுக்கூலியும் ஆள் பற்றாக்குறையும் படத்தில் விழாது.

ஆனால் எரிப்பதில் நட்டம் நமக்கே. ஒரு டன் நெல் தாளை எரித்தால் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும், 400 கிலோ கரிமமும் வீணாகின்றன. கரும்புச் சோகையும் அப்படியே. மறுதாம்புக் கரும்பில் கட்டை சீவியபின் சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும், மட்கி உரமாகும். சோகை தூளாக்கும் கருவி கிடைத்தால் வேலை இன்னும் எளிது.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். எரிக்காதீர்கள் என்று சொல்வதோடு நிற்காமல், வெட்டு தொடங்கும் முன்பே கருவி வாடகைக்கு எங்கே, எந்த நாளில் கிடைக்கும் என்று ஊரில் சொல்லுங்கள். தீ வைத்த பிறகு வரும் அறிவுரையால் பயனில்லை.