மேற்கோளும் மெய்ம்மையும்

ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளை வெறும் அணிகலனாகக் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். மருத்துவத் துறையில் அக்கருத்து எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சுட்டுதல் தகும்.

1980ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஐந்தே தொடர்களால் ஆன கடிதம் ஒன்று வெளிவந்தது. எழுதியோர் போர்ட்டர், ஜிக் என்னும் இருவர். மருத்துவமனையில் தங்கி, அபின் வகை வலிநீக்கி மருந்து பெற்ற 11,882 நோயாளருள் நால்வரே அதற்கு அடிமையாயினர் என்றது அக்கடிதம். வீட்டிலிருந்து நெடுநாள் உட்கொள்வோரைப் பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை.

பின்வந்தோர் செய்தது யாது? அக்கடிதத்தை 608 வெளியீடுகள் மேற்கோள் காட்டியமையை 2017இல் அதே இதழில் வெளிவந்த ஆய்வு கண்டறிந்தது. அவற்றுள் 439, 'அடிமையாதல் அரிது' என்பதற்கு அதனையே சான்றாக்கின. நோயாளர் மருத்துவமனையில் இருந்தோர் என்பதையே 491 வெளியீடுகள் குறிப்பிடவில்லை! மருந்து எழுதிய மருத்துவர்தம் அச்சத்தைத் தணித்து, அந்நாட்டில் பின்னர் நேர்ந்த பெருந்துயருக்கு இதுவும் துணைபோயிற்று என்பர் அவ்வாய்வாளர்.

ஐந்து தொடர்களைப் படிக்க எத்துணை நேரம் ஆகும்?

நம் ஆய்வு மாணவரும் முதனூலைக் காணாமலே, வழிநூலில் கண்ட மேற்கோளை எடுத்து, முதனூலின் பக்க எண்ணை அடிக்குறிப்பில் இடுவதுண்டு. கண்ட நூலையே காட்டுக. காணாததை, இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது எனக் குறிக்க. துணைநூற்பட்டியல் சிறுத்தல் இழுக்கன்று, பொய்த்தலே இழுக்கு.