மழைக்குப்பின் கடலில் இறங்கலாமா?



திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியுள்ள கடிதம் என் முன் இருக்கிறது. அவருடைய மகனுக்கு வயது பதினொன்று. விடுமுறை நாட்களில் தோழர்களோடு சேர்ந்து தூண்டில் வளைவுக் கற்களின் ஓரமாகக் கடலில் குதித்து நீந்துகிறான். இரண்டொரு நாளில் காதில் வலி கண்டு சீழும் வடிகிறது. "தடுத்தால் கேட்பதில்லை. அப்பாவும் தாத்தாவும் இந்தக் கடலில்தானே வளர்ந்தார்கள் என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று வினவுகிறார் அந்தத் தாயார்.

பிள்ளையின் கேள்வியில் நியாயம் உண்டு. இராயப்பரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் நம் இராயபுரம். படகோட்டிகளும் மீனவப் பெருமக்களும் தங்கள் உழைப்பைச் சேர்த்து எழுப்பிய ஆலயம் அங்கே நிற்கிறது. கடலுக்கு அஞ்சியா நம் முன்னோர் வாழ்ந்தார்கள்? ஆனால் தாத்தா நீந்திய கடலும் பேரன் நீந்தும் கடலும் ஒன்றல்ல என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். கரையே ஒன்றல்ல. 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் வழியில் தடைப்பட்டது. தெற்கே அது குவிந்து மெரினா அகன்றது. வடக்கே நம் குப்பங்களின் மணலைக் கடல் அரித்துத் தின்றது. அதைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களும், பின்னர் கட்டிய தூண்டில் வளைவுகளுமே இன்று நம் பிள்ளைகளின் நீச்சல் துறைகளாகிவிட்டன. நகரத்தாருக்குக் கடற்கரை கிடைத்தது, நமக்குக் கல் கிடைத்தது!

நிற்க. நீரின் தன்மைக்கு வருவோம்.

கடலில் நீராடத் தக்க நீர் எது என்பதற்கு நம் நாட்டில் அளவுகோல் இல்லாமலில்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்கீழ்க் கரையோரக் கடல்நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். நீராடுவதற்கும் மீன்பிடித் தொழிலுக்கும் உரியது இரண்டாம் வகுப்பு. அந்நீரில் கரைந்துள்ள உயிர்வளி லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. வெறுக்கத்தக்க நாற்றம் இருக்கலாகாது. மனித மலத்தின் வழி வரும் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 100 மில்லி லிட்டர் நீரில் 100 என்னும் எண்ணிக்கையைத் தாண்டலாகாது. துறைமுக நீர் நான்காம் வகுப்பு. கழிவு செல்லும் நீர் ஐந்தாம் வகுப்பு. ஒரே கரையில் ஆலைக்கு ஒரு வகுப்பும் கப்பலுக்கு ஒரு வகுப்பும் வகுத்த ஏட்டில், கல்லிலிருந்து குதிக்கும் சிறுவன் எந்த வகுப்பைச் சேர்ந்தவன்? வரைபடத்தில் கோடு போடலாம்; அலைக்குக் கோடு தெரியாது.

கோலிஃபார்ம் என்பது பெரும்பாலும் தானே நோய் தருவதன்று. இந்த நீரில் கழிவறை நீர் கலந்திருக்கிறது, அதோடு நோய்க் கிருமிகளும் வந்திருக்கக்கூடும் என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி அது. சோதிப்பவர் இடுப்பளவு நீரில் நின்று, கொதியாவியில் தூய்மை செய்த குப்பியை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அமிழ்த்தி நிரப்புவார். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பார். அங்கே நீரை மெல்லிய சவ்வில் வடித்து, 44.5 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் பெருகிப் புள்ளிகளாய்த் தெரியும். அவற்றை எண்ணுவார்கள். இதனால் ஓர் உண்மை விளங்கும்: இன்று கையில் கிடைக்கும் எண் நேற்றைய கடலைப் பற்றியது. நல்ல வெயிலில் இந்நுண்ணுயிர்கள் விரைவில் மடியும். பெருமழையில் வடிகாலும் சாக்கடையும் ஒன்றாய்க் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவும் முகத்துவாரங்கள் வழியாகவும் கடல் சேரும்போது, ஒரே இரவில் எண்ணிக்கை பன்மடங்கு உயரும். ஆகவே வெயில் காய்ந்த ஒரு நாளில் எடுத்த குப்பியைக் காட்டி ஐப்பசி, கார்த்திகைக் கடலுக்கு நற்சான்று கொடுக்க இயலாது.

இங்கிலாந்தில் நடந்ததை இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1950களில் அந்நாட்டில் வேக்ஃபீல்டு தம்பதியர் என்போர், சாக்கடை கலந்த கடலில் நீராடிய தம் ஆறு வயதுப் பெண்குழந்தையை இளம்பிள்ளை வாதத்துக்குப் பறிகொடுத்தனர். அழுது ஓய்ந்துவிடாமல் அவர்கள் ஒரு சங்கம் தொடங்கினர். கடற்கரை கடற்கரையாய் எங்கே சாக்கடைக் குழாய் இருக்கிறது என்று விசாரித்து, தூய கரைகளின் பட்டியலையும் அச்சிட்டனர். 1959இல் வெளியான பொதுச் சுகாதார ஆய்வகத்தாரின் அறிக்கையோ, கண்ணுக்கும் மூக்குக்கும் அருவருப்பாகுமளவு நீர் கெட்டாலன்றிப் பெரிய ஆபத்தில்லை என்றது. பல ஆண்டுகள் அதுவே வேதவாக்காய் இருந்தது. பின்பு 1989 முதல் 1992 வரை நான்கு கடற்கரைகளில் 1,200க்கும் மேற்பட்ட பெரியவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப்பேர் கரையில் இருந்தனர். மற்றவர் குறைந்தது பத்து நிமிடம் நீரில் நின்று மூன்று முறை தலை முழுகினர். பார்வைக்கு நன்றாயிருந்த நீரிலும் வயிற்றுப்போக்குக்கு ஆளானவர் உண்டு. அதே ஆய்வில், மலக் கோலிஃபார்ம் ஏற ஏறக் காது நோயும் ஏறக் கண்டனர். கடிதம் எழுதிய தாயார் இதைக் குறித்துக்கொள்ளட்டும். அவர் ஐயம் வீண் ஐயமன்று.

ஆயினும் எண்ணூர்ப் பகுதிக்கு இந்த ஒரு சோதனை போதாது. கோலிஃபார்ம் குப்பிக்கு எண்ணெய் தெரியாது, சாம்பல் தெரியாது. 28-1-2017 விடியற்காலையில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எரியெண்ணெய் சிந்தியதும், மாணவரும் மீனவரும் வாளியால் அந்தக் கருஞ்சேற்றை அள்ளியதும் நம் கண்முன் நடந்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படலமாய்ப் படர்ந்தது. அம்மாதமே 26ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் கழுத்தளவு நீரில் அமர்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் எளியவர்களை நினைத்துப் பாருங்கள். நீராடுவோர் அரைமணி நேரம் நீரில் இருப்பர். இவர்களோ நாளில் பல மணி நேரம் இருப்பவர்கள். நீராடும் நீரின் தரம் என்று பேசும்போது முதலில் நினைக்கப்பட வேண்டியவர்கள் இவர்களே என்பது என் கருத்து. நீரைச் சகோதரி என்று அழைத்த அசிசியாரின் பெயரைச் சூடிய மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் ஏழையரின் நீரைப் பற்றித் தனியே எழுதியதும் இதனால்தான்.

சோதனையே நடப்பதில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நடுவண் அரசின் கடலோரக் கண்காணிப்புத் திட்டம் 1991 முதல் நடந்து வருகிறது. எண்ணூரும் அதில் உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஹாங்காங்கில் நீராடும் பருவத்தில் வாரந்தோறும் ஒவ்வொரு கடற்கரைக்கும் ஒன்று முதல் நான்கு வரை தரம் குறித்து மக்களுக்கு அறிவிக்கிறார்கள். நம் மாநிலத்தில் கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அச்சான்றின் விதிப்படி நீரின் முடிவுகளைக் கரையிலேயே எழுதி வைக்கவேண்டும். நம் வடகரையில் அப்படி ஒரு பலகையை நான் கண்டதில்லை.

இனி, அந்தத் தாயாருக்கு. சகோதரி, முதலில் மகனைக் காது மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்பறையில் துளை இருந்தால் அது ஆறும்வரை தலை முழுகவே கூடாது. வீட்டு வைத்தியமாகக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். காது குணமானபின்பும், மழை பெய்து மூன்று நாள் கழியும்வரை கடலில் இறங்க விடாதீர்கள். கால்வாயோ வடிகாலோ கலக்குமிடத்துக்கு அருகிலும், நீரில் எண்ணெய்ப் பளபளப்பு தெரியும் நாளிலும், உடம்பில் புண் உள்ளபோதும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல நீரில் குளிக்கச் செய்து காதைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

ஒன்று செய்யலாம். உங்கள் பங்கின் அன்னையர் குழுவினர் பத்துப்பேர் கையொப்பமிட்டு, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். நம் கரையில் எந்த இடத்தில், எந்தத் தேதியில் நீர் எடுத்தார்கள், கோலிஃபார்ம் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். பதில் வந்ததும் ஒரு படி எனக்கு அனுப்புங்கள். இப்பகுதியில் அப்படியே வெளியிடுகிறேன்.