ஒரே வீடு, ஒரே கொசு... ஒருத்தருக்கு மட்டும் மலேரியா ஏன்?

தமிழ்நாட்டின் மலேரியா பாதிப்பில் பெரும்பங்கு நீண்ட காலமாகச் சென்னையில்தான். அதிலும் புளியந்தோப்பு, ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற வட சென்னைப் பகுதிகளுக்கு இந்தக் காய்ச்சல் பழைய கதை. வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். ஒருத்தர் குளிரில் நடுங்கிப் படுத்திருப்பார், மற்ற மூணு பேருக்கு ஒண்ணும் இருக்காது. "அவன் உடம்பு வாகு அப்படி" என்று பேச்சு முடிந்துவிடும். உண்மையிலேயே உடம்பு வாகுதான் காரணமா?

மரபணுவுக்குப் பங்கு உண்டா?

உண்டு. மலேரியா கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்துதான் பெருகும். அதனால் சிவப்பணுவின் அமைப்பு சற்று மாறினாலும் ஆட்டம் மாறும். அரிவாள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடம் மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைப்பதை 1954-ல் ஆண்டனி அலிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். அதே அரிவாள் செல் நம்ம நீலகிரி பழங்குடியினரிடம் இருப்பது 1952-லேயே பதிவாகிவிட்டது.

நோய் எதிர்ப்பு மரபணுக்களும் இதில் வருகின்றன. கிருமியின் துண்டுகளை எதிர்ப்பு அணுக்களுக்கு எடுத்துக் காட்டி, 'இதுதான் எதிரி' என்று அடையாளம் சொல்வது எச்.எல்.ஏ. மரபணுக்களின் வேலை. இவை ஆளுக்கு ஆள் மாறும். எச்.எல்.ஏ.-பி53 என்ற வகை உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா குறைவாக வருவதை 1991-ல் காம்பியாவில் ஏட்ரியன் ஹில் குழுவினர் கண்டறிந்தனர்.

இது சென்னைக்குப் பொருந்துமா?

நேரடியாகப் பொருந்தாது. மேலே சொன்னவை பெரும்பாலும் ஃபால்சிபாரம் மலேரியா பற்றிய முடிவுகள். சென்னையில் அதிகம் பரவுவது வைவாக்ஸ். இந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய 'டஃபி' என்ற புரதம் கதவு மாதிரி உதவுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலானோருக்கு அந்தக் கதவே இல்லை. அதனால்தான் அங்கே வைவாக்ஸ் அரிது. இந்தியர்களில் டஃபி இல்லாதவர்களைப் பார்ப்பது அபூர்வம். அதாவது புளியந்தோப்பிலும் கதவு திறந்திருக்கிறது, அடையாறிலும் திறந்திருக்கிறது.

அப்படின்னா வட சென்னை மட்டும் ஏன்?

கென்யாவின் கிலிஃபியில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. யாருக்கு எத்தனை முறை மலேரியா வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் சுமார் கால் பங்குக்குக் காரணம் மரபணு. வீடு சார்ந்த காரணங்களுக்கும் ஏறக்குறைய அதே கால் பங்கு. அரிவாள் செல்லின் பங்கு வெறும் 2% அளவுதான். ஒற்றை 'மலேரியா மரபணு' என்று எதுவும் கிடையாது.

சென்னையில் அந்த 'வீட்டுக் காரணம்' எங்கே என்று தேட வேண்டியதில்லை, மொட்டை மாடிக்குப் போனால் போதும். இங்கே மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மூடி இல்லாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, சம்ப் என நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் எப்போது வரும் என்று தெரியாத நெருக்கமான குடியிருப்புகளில் சேமித்துத்தானே ஆக வேண்டும்? சேமிக்கும் பாத்திரமே கொசுவுக்குப் பிரசவ அறை. "வட சென்னைக்காரங்க உடம்பு அப்படி" என்று சொல்வது, தண்ணீர் விநியோகத்தின் குறையை மக்களின் ரத்தத்தில் ஏற்றுவது.

மரபணு உண்மையில் கவனிக்க வேண்டிய இடம்

மாத்திரையில். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்து மறுபடி காய்ச்சலாகக் கிளம்பும். அதை அழிக்கத்தான் குளோரோகுயினோடு பிரைமாகுயின் மாத்திரையும் 14 நாள் தருகிறார்கள். காய்ச்சல் விட்டதும் வேலைக்குக் கிளம்பி, பாதியில் நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. இன்னொரு பக்கம், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இதே மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் இந்தக் குறைபாடு அதிகம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கிடையாது.

எனவே ஜி6பிடி பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் 14 நாளும் முடியுங்கள்.

இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றது. அங்கே யாருடைய மரபணுவும் மாறவில்லை. காய்ச்சல் கண்டவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள், மருந்தை முழுசாகக் கொடுத்தார்கள், கொசுவைக் கட்டுப்படுத்தினார்கள். இந்தியாவின் இலக்கு 2030. பிறவியில் வந்த எச்.எல்.ஏ.வை யாராலும் மாற்ற முடியாது, தொட்டிக்கு மூடி போடலாம்.