“வெறும் பொழுதுபோக்கு” தானா?

சினிமாக்காரரையும் டெலிவிஷன்காரரையும் பார்த்து, “உங்கள் கதைகளால் ஜனங்களுடைய புத்தி கெடுகின்றதே” என்று யாராவது கேட்டால், உடனே அவர்கள் சொல்லும் சமாதானம், “அய்யா, இது வெறும் பொழுதுபோக்கு, இதனால் யாருடைய அபிப்பிராயமும் மாறிவிடாது” என்பதேயாகும். நல்லது. ஆனால் இதே கனவான்கள் சோப்பு வியாபாரியிடம் போய் என்ன சொல்லுகின்றார்கள்? “பத்து விநாடி உங்கள் சரக்கைக் காட்டுகின்றோம், ஜனங்கள் கடைக்கு ஓடி வருவார்கள்” என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குகின்றார்கள். பத்து விநாடியில் மாறும் மனது மூன்று மணி நேரத்தில் மாறாதென்றால் இதை எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

நிற்க, இவ்விஷயத்தில் வாய்ப்பேச்சைவிட அளந்து பார்த்த சங்கதியே மேல். அமெரிக்காவில் 1915ல் ‘தி பர்த் ஆப் எ நேஷன்’ என்று ஒரு படம் வந்தது. கருப்பு மக்களைக் கொடியவர்களாகவும் மூடர்களாகவும் காட்டி, அவர்களை வதைத்த கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரை வீரர்களாகக் கொண்டாடிய படம் அது. பீட்டர்சன், தர்ஸ்டன் என்னும் இரு ஆராய்ச்சிக்காரர்கள், இல்லினாய் மாகாணத்திலுள்ள கிறிஸ்டல் லேக் என்ற சிற்றூரின் பள்ளிப் பிள்ளைகளிடம் முன்னதாகவே ஒரு தாளைக் கொடுத்துக் கருப்பரைப்பற்றி என்ன நினைக்கின்றார்கள் என்று குறித்துக்கொண்டு, பிறகு இப்படத்தைப் பார்க்கச் செய்து, மறுபடியும் கேட்டார்கள். பிள்ளைகளின் துவேஷம் திட்டமாக ஏறியிருந்தது. ஐந்து மாதங் கழித்துக் கேட்டபோதும் அது முழுதும் இறங்கவில்லை. 1933ல் இது புத்தகமாக வெளிவந்தது.

அவ்வூரில் கருப்பர்கள் இல்லை என்றே சொல்லலாம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எந்தக் கருப்பரும் அப்பிள்ளைகளின் பலகாரத்தைப் பிடுங்கித் தின்றதில்லை. கண்ணால் காணாத மனிதரை வெறுக்க ஒரு சாயங்காலமும் ஒரு டிக்கட்டும் போதுமானதாயிருந்தன! அதே ஆராய்ச்சியில், சீனரை நல்லவிதமாகக் காட்டிய வேறொரு படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சீனர்மேல் நல்லெண்ணம் கூடிற்று என்பதையும் மறைக்கக் கூடாது.

நம் பக்கத்துச் சங்கதியும் இப்படியே. ஜென்சன், ஆஸ்டர் என்ற இரு பொருளாதாரப் பண்டிதர்கள், பீகார், கோவா, ஹரியானா, தமிழ்நாடு ஆகிய இடங்களின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை எடுத்த கணக்கைப் பரிசோதித்து 2009ல் வெளியிட்டார்கள். கேபிள் டெலிவிஷன் புதிதாக நுழைந்த கிராமங்களில், புருஷன் பெண்டாட்டியை அடிப்பது நியாயம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. மாமியார் மருமகள் சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லாத தொடர்களால் இதுவா என்று நமக்கே ஆச்சரியந்தான். பட்டணத்துப் பெண் வேலைக்குப் போவதையும் தன் இஷ்டப்படி நடப்பதையும் திரையில் கண்டது காரணமாயிருக்கலாம். ஆனால் அடிப்பது நியாயமில்லை என்று பெண்கள் சொன்னதாலேயே அடி நின்றுவிட்டது என்று அர்த்தமல்ல.

இதற்காக, எதையும் சினிமாவின் தலையில் போடுகின்றவர்களோடு நாம் சேரவில்லை. 1938ல் செவ்வாய்க்கிரகத்தார் படையெடுத்ததாக நடித்த ரேடியோ நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே பயந்து ஓடிற்று என்று பத்திரிகைகள் எழுதினவே, அதுவும் பெரும்பாலும் ஊதிய கதைதான் என்று பின்னால் தெரிந்தது. ஆகவேதான் அளக்க வேண்டும் என்கின்றோம்.

ஆனால் இன்று அளவுகோல் யார் கையில் இருக்கின்றது? யார் எதை எத்தனை நிமிஷம் பார்த்தார் என்ற கணக்கு முழுதும் கம்பெனிக்காரரின் பெட்டியில் இருக்கின்றது. பேஸ்புக்கில் எந்தச் செய்தி எப்படிப் பரவுகின்றது என்று வெளியார் பார்க்க உதவிய ‘கிரவுட்டாங்கிள்’ என்ற கருவியை அதன் முதலாளிகள் 2024 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வைத்ததோ, மனுப்போட்டு அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்காரர்களுக்கு மாத்திரந்தான். ஒருவர் மனதும் மாறுவதில்லை என்பது மெய்யானால், இந்தக் கணக்கைப் பொதுஜனங்களிடம் காட்ட இவர்களுக்கு என்ன தடை?