கண்ணை அளந்த பிறகு கருவியை மாட்டுங்கள்

"எனக்கு வயசு போட்டுது தம்பி. இது இளம் பிள்ளையளின்ர சாமான். கழட்டி வையுங்கோ."

மானிப்பாயில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் வசிக்கும் அக்கா ஒருவர் சென்ற மாதம் சொன்ன வார்த்தைகள் இவை. அவருக்கு வயது 78. மகன் குடும்பம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. முழங்கால் நோவினால் நீண்ட விமானப் பயணம் அவருக்கு இயலாது. ஆகவே பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை மகன் இரட்டை வில்லைக் கமெராவினால் படம்பிடித்து, அதனைப் பார்ப்பதற்கான மெய்நிகர் காட்சிக் கருவியையும், அதாவது பிள்ளைகள் வி.ஆர். ஹெட்செட் என்று சொல்லும் சாமானையும், விடுமுறைக்கு வந்த பேரனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் அப்பம்மா உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும் என்று பேரன் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தான். பார்ப்பதற்கு அயலே கூடியிருந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியோடு கருவியை மாட்டினார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. "ரெண்டு பிள்ளையள் ஆடுற மாதிரித் தெரியுது" என்றார். பிறகு தலை சுற்றுகிறது என்றார். பிறகுதான் மேலே சொன்ன வார்த்தைகள். பேரனின் முகம் சுருங்கிவிட்டது. கூடியிருந்தவர்களும் வயதைக் காரணம் சொல்லிக் கலைந்து போனார்கள்.

நான் கலைந்து போகவில்லை. ஏனெனில் முதல் நாள் மாலை அதே கருவியை நானும் மாட்டிப் பார்த்து, என் கண்ணாடியின் சட்டம் உள்ளே சிக்கிக்கொள்ள, அவசரத்தில் இழுத்து, கண்ணாடி வில்லையிலே ஒரு கீறலையும் வாங்கியிருந்தேன். என் அவசரந்தான் பிழை. ஆனால் நானும் அன்று வயதைத்தான் நொந்துகொண்டேன். ஓர் இரவு யோசித்த பிறகுதான் விடயம் வேறு என்று விளங்கியது.

பிழை வயதிலே இல்லை. அளவு எடுக்காமல் மாட்டியதில் இருந்தது. செருப்பு வாங்கினாலும் கால் அளவு கேட்கிறோம். கண்ணிலே மாட்டுகிற ஒன்றுக்கு எந்த அளவும் கேட்காமல், பேரனுக்குச் சரியாக இருந்ததை அப்படியே அப்பம்மாவின் முகத்தில் வைத்துக் கட்டினோம்.

இந்தக் கருவி ஏதோ நேற்றுப் பிறந்த மாயம் என்று நினைக்க வேண்டியதில்லை. இதன் அடிப்படையை இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் 1838ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். நமது இரு கண்களும் சற்று விலகி இருப்பதால் ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட காட்சியைக் காண்கின்றது. மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கின்றது. இரண்டு படங்களைத் தனித்தனியே இரண்டு கண்களுக்கும் காட்டினால் தட்டையான தாளிலும் ஆழம் தோன்றும். இன்றைய கருவியில் தாளுக்குப் பதிலாகத் திரை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஆனால் அந்த வில்லைகளின் நடுவும் கண்மணிகளின் நடுவும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. நேராக நிற்காவிட்டால் கண் தசைகள் தாமாக இழுத்துச் சரிசெய்யப் பார்க்கும். முடியாதபோது இரட்டைத் தோற்றம், தலையிடி, குமட்டல்.

கண்மணி இரண்டுக்கும் இடையிலான தூரம் வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீற்றர். பெரும்பாலோருக்கு 54க்கும் 74க்கும் இடையில் எங்காவது இருக்கும். இது சிறிய வேறுபாடு அல்ல. 2019இல் ஒகுலஸ் ரிஃப்ற் எஸ் என்ற கருவி வில்லைகளை நகர்த்த இயலாத அமைப்போடு வெளிவந்தபோது, அந்த ஒகுலஸ் நிறுவனத்தையே தொடங்கியவரான பால்மர் லக்கி, தன் கண்மணி இடைத்தூரம் 70 மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவு என்றும், அதனால் தன்னாலேயே அதைச் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை என்றும் பகிரங்கமாக எழுதினார். அப்போது அவர் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார்; வயது முப்பதைக் கூடத் தொடவில்லை. அவரை யாரும் வயது போய்விட்டது என்று சொல்லவில்லை! அடுத்த ஆண்டு வந்த குவெஸ்ட் 2 இல் 58, 63, 68 என்று மூன்று நிலைகள் வைத்தார்கள். 2023இல் வந்த குவெஸ்ட் 3 இல் சிறு சில்லொன்றைச் சுழற்றியே நகர்த்தலாம்.

இனி மூக்குக்கண்ணாடி. இதிலே எனக்கு அனுபவம் அதிகம். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் இரவிரவாக அச்சுப்படி திருத்தியவன் நான். கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. கண்ணாடி உடைந்தால் மாற்றுவது பெரும்பாடு என்பதால் கண்ணாடியைக் கண்ணை விடக் கவனமாகப் பார்த்துக்கொண்டோம். அப்படி இருந்தவன் இன்று ஒரு விளையாட்டுச் சாமானில் அதைக் கீறிவிட்டேன் என்பது வெட்கக்கேடு.

பலர் நினைப்பது போலத் திரை கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் வாசிப்புக் கண்ணாடி போட வேண்டும் என்பதில்லை. வில்லைகளின் வழியே பார்க்கும்போது காட்சி ஏறத்தாழ ஒரு மீற்றருக்கும் இரண்டு மீற்றருக்கும் இடையில் இருப்பது போலத்தான் கண்ணுக்குப் படுகின்றது. ஆகவே கிட்டப்பார்வை உள்ள என்னைப் போன்றவருக்குத் தூரக்கண்ணாடி அவசியம். புத்தகம் வாசிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுபவருக்குப் பெரும்பாலும் அது உள்ளே தேவைப்படாது. தூரமும் கிட்டமும் சேர்ந்த இரட்டைப் பார்வைக் கண்ணாடியோ தொல்லை தருவது. அதன் கீழ்ப்பகுதி நாற்பது சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்த பத்திரிகைக்காக அமைந்தது. கருவிக்குள்ளே கண் கீழே இறங்கியவுடன் எல்லாம் மங்கும்.

அக்காவின் கண்ணாடி அத்தகையது. மறுநாள் போய் விசாரித்தேன். இரண்டு கண்ணிலும் வெண்புரை அகற்றி உள்வில்லை வைத்தாயிற்று. "தூரத்தில கோயில் கோபுரம் கண்ணாடி இல்லாமலே வடிவாத் தெரியுது. பேப்பர் பாக்கத்தான் இது" என்றார். பிறகு ஏன் அதை எப்போதும் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பழகிப்போச்சு" என்றார். அவருக்குக் கண்ணாடியே வேண்டாம். அதை உள்ளே நுழைப்பதற்குத்தான் நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம்!

பிறகு அளவு. அவரின் கண்ணாடிச் சீட்டில் இலக்கங்கள் எல்லாம் இருந்தன; கண்மணி இடைத்தூரம் மட்டும் இல்லை. என் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. கடைக்காரர் அளக்காமல் கண்ணாடி செய்வதில்லை. வில்லையின் நடுவைத் தீர்மானிக்க அவருக்கு அது வேண்டும். எழுதிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குரியவருக்கு அந்த இலக்கம் சொந்தமில்லையா? கேட்டு வாங்குங்கள் என்று வாசக அன்பர்களை வேண்டுகிறேன். கேட்டால்தான் எழுதும் வழக்கம் வரும்.

அன்றைக்கு அடிமட்டத்தால் நானே அளந்தேன். எதிரே உட்கார்ந்து, என் வலக்கண்ணை மூடி, திறந்த என் இடக்கண்ணைப் பார்க்கச் சொல்லி, அவரது வலக்கண்ணுக்கு நேரே பூச்சியத்தை வைத்தேன். அடிமட்டத்தை அசைக்காமல் இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து, அதைப் பார்க்கச் சொல்லி, அவரது இடக்கண்ணுக்கு நேரே உள்ள இலக்கத்தை வாசித்தேன். நம்மவர் கண்கள் கருமை. கண்மணியின் நடு எளிதில் புலப்படாது. ஆதலால் இரண்டு கருவிழிகளினதும் ஒரே பக்க ஓரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. மூன்று தரம் அளந்தேன். இரண்டு தரம் 57, ஒரு தரம் 58. கருவியோ பேரனுக்கு ஏற்றவாறு 68 இல் இருந்தது. ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம்! ரெண்டு பிள்ளையள் ஆடியதில் ஆச்சரியம் என்ன?

என் கதை வேறு. எனக்குக் கண்ணாடி வேண்டும். ஆனால் குவெஸ்ட் 2 கருவிக்கு அதன் நிறுவனம் சொன்ன எல்லை, கண்ணாடிச் சட்டத்தின் அகலம் 142 மில்லிமீற்றர், உயரம் 50. என்னுடையது 146. பெட்டிக்குள் கண்ணாடிக்காரருக்கென்று ஓர் இடைவெளிச் சட்டம் இருந்ததைப் பேரன் கண்டுபிடித்தான். அது வைத்தால் வில்லையோடு வில்லை உரசாது. அகலத்துக்கு அது பரிகாரம் அல்ல. அலுமாரியில் கிடந்த பழைய சிறிய கண்ணாடியைத் தேடி எடுத்தேன். முதலில் முன்பக்கத்தை முகத்தோடு பொருத்தி, பிறகு பட்டியைப் பின்னே இழுக்க வேண்டும்; கழற்றும்போதும் முன்பக்கத்தை நேரே முன்னால் எடுக்க வேண்டும், மேலே தூக்கக் கூடாது. கீறல் விழாதிருக்க இதுதான் வழி. வசதி உள்ளவர்கள் கருவிக்குள்ளேயே பார்வைக்கேற்ற வில்லை பொருத்திக்கொள்ளலாம். 2024இல் வந்த அப்பிளின் விஷன் புரோவில் மூக்குக்கண்ணாடியோடு பார்க்கவே இடமில்லை. சைஸ் வில்லைகளைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். கண்ணாடி போடுபவன் இன்னொரு வரி கட்டுகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைக் கேட்ட என் பத்திரிகை நண்பர் ஒருவர் சிரித்தார். போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில் இது ஒரு பிரச்சினையா என்பது அவர் கேள்வி. பிரச்சினைதான். எங்கள் வீடுகளில் அரைவாசிப் பேர் கடல் கடந்து இருக்கிறார்கள். கலியாணமும் அரங்கேற்றமும் செத்தவீடும் நாங்கள் திரையில் பார்க்கிறவை. அந்தத் திரையும் தனக்கில்லை என்று 78 வயதுப் பெண் நினைத்து எழுந்துபோனால், அது சிறிய விடயமா? 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், இதே மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். புதியது எதுவும் எங்கள் மக்களுக்கு எங்கள் சொல்லில் விளங்க வேண்டும் என்று அவர் நினைத்தார். வெளிநாட்டிலிருந்து கருவி அனுப்பும் பிள்ளைகள் அதனோடு ஒரு தாளில் நாலு வரி தமிழில் எழுதி அனுப்பக் கூடாதா? முதலில் அம்மாவிடம் கண்ணாடி எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்கக் கூடாதா?

அக்காவை இரண்டாந் தரம் சம்மதிக்க வைக்க மூன்று நாள் பிடித்தது. சாய்மனைக் கதிரை வேண்டாம், கைபிடி உள்ள நேர்க்கதிரை என்று முடிவாயிற்று. கண்ணாடியைக் கழற்றினோம். வில்லைகளை 58க்குக் கொண்டுவந்தோம். அரைக் கிலோ பாரம் மூக்கில் இறங்காதிருக்கப் பட்டி பிடரியில் தாழ்வாக நிற்க வேண்டும். அங்கே அவரது கொண்டை குறுக்கே நின்றது. கொண்டையை அவிழ்த்துச் சற்று மேலே முடிந்துகொண்டார். எழுத்துக் கூராகத் தெரியும் வரை கருவியை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கச் சொன்னேன். "இப்ப ஒண்டுதான்" என்றார்.

பத்து நிமிடத்தில் நிறுத்துவோம் என்பது ஏற்பாடு. தலை சுற்றினால் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தோம். அலாரிப்பு முடிந்தது. பேரன் கையைத் தொட்டான். "பொறடா" என்றார். ஜதிஸ்வரம் போயிற்று. ஒரு தரம் வலக்கையை முன்னே நீட்டி, காற்றில் எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். கழற்றியபோது விளிம்பு முழுக்க வேர்வை. உலர்ந்த மென்துணியால் துடைத்தோம்.

பேரன் திரும்பிப் போய்விட்டான். கருவி அப்பம்மாவோடு நிற்கிறது. விறாந்தை மேசையில் வில்லை வெயிலைப் பார்க்கும்படி வைக்காதீர்கள், சூரிய ஒளி வில்லை வழியே குவிந்து திரையைச் சுட்டுவிடும் என்று எச்சரித்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை போனபோது அது பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி அலுமாரிக்குள், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வர்ணம் இன்னும் பார்த்து முடியவில்லையாம். பின்னேரம் வரச் சொன்னார். பட்டி இழுக்க ஓர் ஆள் வேண்டும்.