மரத்துக்கு ஏது டீஃபால்ட்?

தொப்பூர் கணவாய்ல லாரிகள் கியரைக் குறைச்சு முனகிக்கிட்டே ஏறுற சத்தம் கேக்குற தூரத்துல ஒரு டீக்கடை. பெஞ்சுல லேப்டாப்போட ஒரு சிவில் ஃபைனல் இயர் தம்பி. "அண்ணா, நாளைக்கு ரெவ்யூ. எல்லாம் பாஸ் ஆயிடுச்சு, ஒரு தடவை பாருங்கண்ணா"ன்னு திருப்பிக் காட்டினார்.

ப்ராஜெக்ட் என்னன்னா, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ நடந்து கடக்க ஒரு மரப்பாலம். அவரோட பாட்டி தினமும் அந்த ரோட்டைக் கடக்கிறதைப் பார்த்து வந்த யோசனையாம். நடுவுல ஒரு தூண், ரெண்டு பக்கமும் 12 மீட்டர். உத்திரம் 1.2 மீட்டர் உயரம், அதுவே கைப்பிடிச் சுவரும் கூட. மரம், குளூலாம். அதாவது பலகைகளை நரம்பு ஒரே வாக்குல இருக்கிற மாதிரி அடுக்கி, ஒட்டி, அழுத்திச் செய்றது. நார்வேயில 85.4 மீட்டர் உயர மியோஸ்டோர்னெட் கட்டடம் 2019-ல நிமிர்ந்து நின்னது இதை நம்பித்தான். ஆக, யோசனையில தப்பே இல்லை.

தப்பு, ஸ்டாட் ப்ரோவோட மெட்டீரியல் பெட்டியில இருந்தது. ஐரோப்பிய தரம் ஜி.எல்.24எச்-க்கு யங்ஸ் மாடுலஸ் 11,500 நியூட்டன்/ச.மி.மீ. அதைச் சரியா போட்டிருந்தார். பாய்சான் விகிதம் 0.3, ஸ்டீல்ல இருந்து அப்படியே சுட்டது. ஷியர் மாடுலஸ் கட்டம் காலி. காலியா விட்டா சாஃப்ட்வேர் சும்மா இருக்காது பாஸ்! ரெண்டு எண்ணையும் வெச்சு அதுவே கணக்குப் போட்டுக்கும். வந்தது 4,423. அந்த மரத்தோட நிஜ மதிப்பு 650. கிட்டத்தட்ட ஏழு மடங்கு!

ஏன்? விறகு பிளந்தவங்களைக் கேளுங்க. நரம்பு வாக்குல கோடாலி போட்டா ஒரே போடு. குறுக்கால போட்டா கைதான் வலிக்கும். ஸ்டீலுக்கு எல்லாத் திசையும் ஒண்ணு, மரத்துக்கு அப்படியில்லை. இதே குளூலாமுக்குக் குறுக்குவாட்டு மாடுலஸ் வெறும் 300. பாய்சானை ஏத்தி ஏத்தி 650-ஐக் கொண்டு வரலாமேன்னு கேக்காதீங்க. அதுக்கு 7.85 போடணும். 0.5-க்கு மேல போனா சாஃப்ட்வேரே சிரிக்கும். நேரா அந்தக் கட்டத்துல 650-ன்னு அடிக்கிறதுதான் வழி.

அவரோட உத்திரம் நீளத்துல பத்துல ஒரு பங்கு உயரம். அதனால ஷியரால வர்ற தொய்வு, வளைவால வர்றதுல 17 சதவீதம். ஸ்கிரீன் காட்டினது 2.5.

இன்னொரு கூத்து, டென்சிட்டி கட்டத்துல 420. அது கிலோ கணக்கு. யூனிட் கிலோநியூட்டன், மீட்டர்ல இருந்தா 4.12. நல்லவேளை, தம்பி சுய எடையைச் சேர்க்கவே மறந்திருந்தார். ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு பாஸ்!

அனுமதி அழுத்தத்துக்கு ஐ.எஸ். 883-ஐப் பிரிச்சு வெச்சிருந்தார். அது அறுத்த மரத்துக்கான நம்ம ஊர் கணக்கு. ஜி.எல்.24-ல இருக்கிற 24, ஐரோப்பிய முறையில இன்னும் குறைக்க வேண்டிய எண். நடுத்தர கால பாரத்துக்கு, நனையாத மரத்துல 0.8-ஆல பெருக்கி 1.25-ஆல வகுத்தா 15.4 தான். ரெண்டு ஊர் விதியையும் ஒரே குழம்புல போடக்கூடாது.

கடைசியா, காலம். மரம் பாரத்தைச் சுமந்துக்கிட்டே மெல்ல மெல்லத் தொய்யும். யூரோகோடு 5 படி கூரை போட்ட பாலத்துல நிரந்தர பாரத்தால வர்ற தொய்வு 1.8 மடங்காகும். மழையில நனைஞ்சா 3 மடங்கு. அந்தப் பெருக்கலை நாமதான் போடணும்.

எல்லாத்தையும் மாத்தி ரன் பண்ணினோம். தொய்வு எல்லையைத் தாண்டிடுச்சு. தம்பி கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். "அண்ணா, கூரை போட்டுடலாமா? பாட்டிக்கும் வெயில் அடிக்காது"ன்னார். தருமபுரி பஸ் வந்துடுச்சு. நான் ஏறும்போது அவர் ரூஃப் லோடு அடிச்சுக்கிட்டிருந்தார்.