கம்பெனி போனாலும் ஊர் இருக்க வேண்டும்

என் மாமனார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக இறங்கிய சுரங்கம் அது. சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். எங்கள் தேன்கனிக்கோட்டையும் அன்று சேலம் ஜில்லாதான்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. வேலை மட்டும் போயிருந்தால் ஊர் தாங்கியிருக்கும். ஆனால் வீடும் ஆஸ்பத்திரியும் தண்ணீரும் கரண்டும்கூட சுரங்கக் கம்பெனியை நம்பித்தான் இருந்தன. பலர் கிளம்பிவிட்டார்கள். இருப்பவர்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள். என் மைத்துனர் அப்படிப் போய்வந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். காற்றடித்தால் சுரங்கத்தின் சயனைடு கழிவு மேட்டுத் தூசி வீட்டுக்குள் வருகிறது, எங்களோடு வந்துவிடுங்கள் என்று மாமியாரைக் கூப்பிட்டேன். "பெரியவங்களைப் புதைச்ச மண்ணு, விட்டுட்டு எங்க வர்றது மாப்பிள்ளை?" என்றார். மக்கள் லேசில் ஊரை விடுவதில்லை. வாழ வழியில்லாமல் செய்த பிறகுதான் விடுகிறார்கள்.

இப்போது எங்கள் பக்கமும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ஓசூரோடு நில்லாமல் கெலமங்கலம் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் பெரிய ஆலை வந்துவிட்டது. வரட்டும். மலைக் கிராமத்துப் பெண்பிள்ளை மாதச் சம்பளம் வாங்குவது எனக்குப் பெரிய சந்தோஷம். அவள் பின்னால் விட்டுப்போகும் ஊரைப் பற்றித்தான் கவலை. ராகி முற்றும் நாளில் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கும். ராத்திரிக் காவலுக்கு இளவட்டம் இல்லை, கிழவர்கள்தான். அவர்களுக்கும் முடியாதபோது நிலம் தரிசாகும், பிறகு கைமாறும். நாளை ஆலையில் ஆள் குறைத்தால் அந்தப் பெண் எந்த ஊருக்குத் திரும்புவாள்?

ஆலைக்கு நிலமும் சாலையும் கொடுக்கிற அரசு, அதே கையோடு காட்டோரக் கிராமங்களுக்கெல்லாம் இரும்புக் கம்பிவட வேலி போட்டுத் தரட்டும். அஞ்செட்டி மலைக்கு ராத்திரி பஸ் விடட்டும். தேன்கனிக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியைப் பிரசவத்துக்கும் விபத்துக்கும் ஓசூருக்கு அனுப்பத் தேவையில்லாத அளவுக்கு வளர்க்கட்டும். தண்ணீர், ஆஸ்பத்திரி, பஸ் மூன்றும் அரசின் கையிலேயே இருக்கட்டும். எந்தக் கம்பெனியிடமும் ஒப்படைக்க வேண்டாம்.